விட்ட பந்துகள்

அணியில் எல்லோரும் ஸ்தனிஸ்லாஸை மாஸ்டர் என்றார்கள். முதலில் கேலியாகத்தான். அவர் ஒரு சர்வதேசப் போட்டிகூட ஆடியதில்லை. நீளக் கரண்டி போன்ற ஒரு கருவியில் பந்தைச் செருகி, பயிற்சி வலையில் நாளெல்லாம் எறிவது அவர் வேலை. கேலி எப்போது நின்றது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்றாவது டெஸ்டுக்கு முந்தைய நாள் காலை, தொடக்க ஆட்டக்காரன் இளவழகன் அவரிடம் வந்தான். ஆடிய நாலு இன்னிங்ஸிலும் அவனை வீழ்த்தியவன் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளன் ஹார்ட்லி. நாலும் ஒரே மாதிரி. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே எழும்பிப் போகும் பந்து, நீளும் மட்டை, ஸ்லிப்பில் கேட்ச். இந்த முறையும் சொதப்பினால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அவனுக்கு மாற்று ஆள் பக்கத்து வலையில் ஆடிக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், அந்தப் பந்தை எறியுங்க."

"எந்தப் பந்து?"

"என்னை அவுட் ஆக்குற பந்து. நூறு தடவை எறியுங்க. அடிச்சுப் பழகிடறேன்."

"வீடியோவுல அதை எத்தனை தடவை பார்த்தீங்க?"

"கண்ணை மூடினாலும் ஓடுது."

மாஸ்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, வீடியோக்களைத் தொகுக்கும் ரெஹானாவிடம் அவனைக் கூட்டிப்போனார்.

"ஹார்ட்லி போட்டதுல இவர் ஆடாம விட்ட பந்தெல்லாம் வேணும்."

ரெஹானா சிரித்தாள். "ரன்னுக்கும் விக்கெட்டுக்கும்தான் கிளிப் வெட்டுவோம் மாஸ்டர். சும்மா விட்ட பந்தை யார் பார்ப்பாங்க?"

"இவர் பார்ப்பார்."

நாற்பத்தாறு பந்துகள் தேறின.

பந்து வரும். இளவழகன் மட்டையை உயர்த்தி, பந்தை ஆடாமல் போகவிடுவான். உடனே வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்கொயர் லெக் பக்கம் நாலடி நடப்பான். அந்த நேரத்தில் ஹார்ட்லி என்ன செய்தான் என்பதை இப்போதுதான் பார்த்தான். பத்தாவது பந்துக்கு இடுப்பில் கை. பதினேழாவதுக்கு மண்ணை உதைத்தான். முப்பதாவதுக்குத் தன் கேப்டனிடமே கத்தினான்.

"இவனுக்கு மூச்சு வாங்குதே!"

"ம்."

"யாரும் என்கிட்ட சொல்லலையே, மாஸ்டர்."

"நீங்க அந்தப் பக்கம் திரும்பி நடந்துட்டீங்க."

வலைக்குத் திரும்பியதும் இளவழகன் விடவில்லை. "இப்பவாவது அந்தப் பந்தை எறியுங்க."

மாஸ்டர் கருவியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "வாங்க, சாப்பாடு ஆறிடும்."

மறுநாள் காலை இளவழகன் முதல் பந்தை விட்டான். முகத்தைத் திருப்பவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஹார்ட்லியைப் பார்த்தான். அடுத்த பந்துக்கும் அப்படியே.

ஓவர் முடிந்ததும் எதிர்முனையில் ஆடிய சந்தானம் வந்தான். "என்னடா மாப்ளே, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி அவனையே பார்க்கிறே?"

"முகம் நல்லாயிருக்குடா" என்றான் இளவழகன்.

ஒன்பதாவது ஓவரில் ஹார்ட்லியின் கை இடுப்புக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் கேப்டன் அவனிடமிருந்து பந்தை வாங்கி இன்னொருவனிடம் கொடுத்தார்.

உணவு இடைவேளைக்கு இளவழகன் அவுட் ஆகாமல் பதினான்கு ரன்னோடு வந்தான். எல்லைக்கோட்டருகே மாஸ்டர் நின்றிருந்தார்.

"மாஸ்டர், கவனிச்சீங்களா? அந்தப் பந்து இன்னைக்கு வரவேயில்லை."

மாஸ்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ஏழு தடவை வந்துச்சு. நீங்க விட்டுட்டீங்க."