பூவாயி விறகு பொளக்க மெஷின் எடுத்த கதை

ஒரு மலை மேல ஒரு ஊரு. அந்த ஊர்ல பூவாயின்னு ஒருத்தி. எங்க, ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் அவ அடுத்த அடி எடுத்து வைப்பா. ம்... அப்படித்தான்.

பூவாயிக்குப் புருசன் பேரு சடையன். ஒரே மக, காமாயி. அவளைக் கீழ்நாட்டுல கட்டிக் குடுத்திருந்தாங்க. காமாயிக்கு அப்போ ஆறு மாசம். ஐப்பசியில பிள்ளை பெத்துக்க ஆத்தா வீட்டுக்கு வரணும். மலையில ஐப்பசின்னா லேசுப்பட்டதா? மழையும் குளிரும், பல்லு கடகடன்னு ஆடும். பிள்ளை பெத்தவளுக்கு சுடுதண்ணி வேணும். சுடுதண்ணிக்கு விறகு வேணும்.

அப்போ ஆடிக் காத்துல வீட்டுப் பின்னால நின்ன சில்வர் ஓக் மரம் சடசடசட... தொம்முன்னு விழுந்துச்சு. ரம்பம் போட்டுத் துண்டு துண்டா அறுத்தாச்சு. ஒவ்வொரு துண்டும் உரல் தண்டி. அதைப் பொளந்து காயப் போட்டாத்தான் ஐப்பசிக்கு எரியும். யாரு பொளக்கறது? பூவாயிதான். கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அந்த வீட்டுக்கு விறகு பொளந்தது அவதான். ஆனா அந்த வருசம் மிளகு பறிக்கையில ஏணி சரிஞ்சு விழுந்து வலது தோள் பிசகிடுச்சு. கையைத் தலைக்கு மேல தூக்க முடியாது.

"கோடாலியை ஓங்க முடியல. வேற ஏதாச்சும் பாக்கணும்யா. கடைக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ"ன்னா பூவாயி.

"மெஷினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நான் பாத்துக்கறேன்"னு சடையன் ஒத்தையா பஸ் ஏறிட்டான். அவளுக்குச் சுருக்குன்னுச்சு. அடக்கிக்கிட்டா.

மொத தடவை என்ன கொண்டாந்தான் தெரியுமா? இன்னொரு கோடாலி! பழசை விட ரெண்டு பங்கு கனம்.

"தோள் போச்சுன்னு சொன்னேனே, காது கேக்கலையா?"

"கனமா இருந்தா ஒரே அடியில பொளக்கும்டி. இரு, நான் பொளந்து தரேன்." ணங்கு, ணங்குன்னு ரெண்டு துண்டு பொளந்தான். அப்புறம் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு டீக்கடைப் பக்கம் போனவன்தான். சாயந்தரம் வரைக்கும் ஆளைக் காணோம். பூவாயி பல்லைக் கடிச்சுக்கிட்டு கோடாலியை மூலையில எறிஞ்சா.

ம் எங்க? ம்.

ரெண்டாந் தடவை கரண்ட்டுல ஓடற மெஷின் வந்துச்சு. பச்சை பெயின்ட் அடிச்சு, பளபளன்னு. சுவிட்சைப் போட்டான். உர்ர்ர்... உம்ம்ம்ம்... ம்ம்... டப்! அந்த வரிசையில இருந்த அத்தனை வீட்டுலயும் லைட்டு அணைஞ்சுபோச்சு. "எவன்டா அது?"ன்னு ஊரே கத்துது.

"நம்ம ஊருக் கரண்ட்டு மிக்சிக்கே மூச்சு வாங்குது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

சடையன் மெஷினை மூலைக்குத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அதுக்குள்ள ஆவணி பொறந்துடுச்சு. மரத்துண்டெல்லாம் பின்னால ஈரத்தோட அப்படியே கெடக்கு.

அப்புறம் மூணாவது. பெட்ரோல் எஞ்சின். அது மூக்குல பம்பரம் மாதிரி ஒரு இரும்பு முனை, சுத்திச் சுத்தி மரத்துக்குள்ள திருகிக்கிட்டுப் போயி பொளக்கும். "இதுக்குக் கரண்ட்டும் வேணாம், ஓங்கவும் வேணாம்"னு சடையன் மீசையைத் தடவுனான்.

பூவாயி ஒரு துண்டை வச்சுத் தள்ளுனா. கர்ர்ர்ர்... படார்! பொளந்துச்சு. நல்லாத்தான் இருக்குன்னு ரெண்டாவது துண்டுக்குக் குனிஞ்சா. அப்போ ஒரு காத்து வீசுச்சு பாரு, முந்தானை பறந்து அந்த முனையில மாட்டிக்கிச்சு. சர்ர்ர்ருன்னு சுருட்டி இழுக்குது! பூவாயி முட்டி போட்டுட்டா, மூஞ்சி இரும்புக்கு ஒரு சாண் தூரம். "நிறுத்துய்யா! நிறுத்து!" சடையன் பதறிப்போயி சுவிட்சைத் தேடறான், கெடைக்கல. நல்லவேளை, நைஞ்ச பழைய சேலை. டர்ருன்னு கிழிஞ்சுது. அவ மண்ணுல மல்லாந்து விழுந்தா.

எஞ்சினை நிறுத்திட்டு அவன் சொன்னான் பாரு ஒரு வார்த்தை: "முந்தானையை ஒழுங்கா சொருகக் கூடாதா?"

அவ்வளவுதான். பூவாயி எந்திரிச்சா. அழல, கத்தல. முனையில சுத்திக்கிட்டிருந்த சேலைத் துணியைப் பிச்சு எடுத்து இடுப்புல சொருகுனா.

"ஜீப்பைக் கூப்புடு. மெஷினை ஏத்து."

"எதுக்கு..."

"ஏத்துன்னேன்!"

அவன் ஏத்துனான். அவ பின்னால போயி, இருக்கறதுலயே முறுக்கும் முண்டும் முடிச்சுமா இருந்த ஒரு துண்டைப் பொறுக்கி, இடது தோள்ல தூக்கிக்கிட்டு வந்து ஜீப்புல உக்காந்தா. மலை எறங்கையில சடையன் ரெண்டு தடவை இருமிப் பாத்தான். அவ திரும்பிக்கூடப் பாக்கல.

கடைக்காரரு சிரிச்சுக்கிட்டே வந்தாரு. "வாங்கண்ணே! மெஷின் எப்படி ஓடுது?"ன்னு சடையனைப் பாத்துக் கேக்கறாரு.

பூவாயி மரத்துண்டை அவரு மேஜை மேல தொப்புன்னு போட்டா. பில் புக்கு எகிறி ஓடுச்சு.

"விறகு பொளக்கறது நானு. என்கிட்டப் பேசு."

"ஓட்டுன மெஷினைத் திருப்பி எடுக்க மாட்டோம்மா..."

அவ கிழிஞ்ச துணியை எடுத்து மரத்து மேல விரிச்சா. எண்ணெய்க் கறை, இரும்புத்தூள் எல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கு. "இதுக்குள்ள இருந்தது என் உசுரு. சேலை கட்டுன பொம்பளைதான் விறகு பொளப்பான்னு தெரியாதா உனக்கு? என்ன சொல்லி வித்த? யாரு ஓட்டப் போறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

கடைக்கு வந்த சனமெல்லாம் எட்டிப் பாக்குது.

"கரண்ட்டு வேணாம். கையை மேல தூக்கக் கூடாது. சுத்தறது எதுவும் ஆகாது. பொளக்கறப்ப என் ரெண்டு கையும் கத்திக்கு எட்டத் தள்ளி இருக்கணும். அப்படி ஒண்ணு இருக்கா, இல்லையா?"

அவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டே மூலைக்குப் போயி ஒரு தார்ப்பாயை விலக்குனாரு. லாரி சக்கரம் மாத்த ஜாக்கி வைப்பாங்கல்ல, அதைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு சாமான். ரெண்டு நீளக் கைப்பிடி, ஒரு முனையில தடிச்ச கத்தி. "இது மெதுவாத்தாம்மா போகும். அதான் யாருகிட்டயும் காட்டறதில்ல."

"மெதுவா போனா எனக்கென்ன? மரத்தை வை."

சடையன் "குடு, நான் பாக்கறேன்"னு கையை நீட்டுனான். ஒரு மொறை மொறைச்சா. கை தானா மடங்கிடுச்சு.

பூவாயி நின்ன வாக்குல கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டுனா. கிறீச்... கிறீச்... கிறீச்... மரம் நகந்து நகந்து கத்தியில முட்டுச்சு. கிறீச்... மரம் முனகுது. மடக்... மடக்... படார்! அந்த முறுக்கு மரம் ரெண்டா பொளந்து விழுந்துச்சு. தோள் வலிக்கல.

"இதான். அந்த எஞ்சினை எடுத்துக்கிட்டு இதைக் குடு."

கடைக்காரரு மாத்திக் குடுத்தாரு.

அப்புறம் தெனமும் வெயில் ஏறுறதுக்கு முன்னால கிறீச் கிறீச் படார். பாக்கி ஆவணி, முழுப் புரட்டாசி. சுவரு ஓரமா விறகு அடுக்கு கூரை வரைக்கும் ஏறி, கலகலன்னு காஞ்சுது. காமாயி வந்தா, பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு, வெளிய மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, உள்ள அண்டாவுல தண்ணி தளதளன்னு கொதிக்குது.

என்ன கேக்கற? பூவாயிக்குக் கோவம் ஆறிடுச்சான்னா?

ஒரு நாள் அடுப்புக்கு முன்னால குளிர் காஞ்சுக்கிட்டே சடையன் கேட்டான், "ஏ பூவாயி, இந்த மாதிரி மெஷின்தான் வேணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவ விறகைத் தள்ளிவிட்டா. "ஆடியிலயே கேட்டிருந்தா ஆடியிலயே சொல்லியிருப்பேன்."

திரும்பியே பாக்காம, அண்டாவை எறக்கி மகளுக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டா.

ம்? ம் வரலையே... சரி சரி. பூவாயி உள்ள போயாச்சு, கதையும் கதவைச் சாத்திக்கிச்சு. கம்பளியை இழுத்துக்கோ, தூங்கு.