தவிட்டுக்குருவி உப்பிய கதை

அந்தக் காலத்தில், பறவையும் பூச்சியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, தவிட்டுக்குருவிகள் எல்லாம் சிக்கென்றுதான் இருந்தன. ஒரு வேலமரத்தில் அக்கா தங்கைகள் ஏழு பேர். ஒரே தாய், ஒரே கூடு, ஒரே இரை. ஆனால் நடுவில் பிறந்த பொம்மி மட்டும் பூசணிப் பிஞ்சு மாதிரி உருண்டு திரண்டு இருந்தாள்.

"எங்களுக்குத் தெரியாம எங்கடி போய்த் தின்னுட்டு வர்ற?" என்று கேட்டாள் மூத்தவள் வெள்ளச்சி.

"நீங்க தின்னதைத்தான்க்கா நானும் தின்னேன்."

யார் நம்பினார்கள்? வெள்ளச்சி அவள் பங்கைப் பாதியாகக் குறைத்தாள். பொம்மிக்கு வயிறு காய்ந்ததுதான் மிச்சம். உடம்பு இறங்கவே மாட்டேன் என்றது.

மழை ஓய்ந்த கையோடு ஒரு தொற்றுக்காய்ச்சல் வந்தது. ஏழு பேரையும் பிடித்தது. வெள்ளச்சியும் இன்னும் நாலு பேரும் ரெண்டு தும்மலோடு எழுந்துவிட்டார்கள். பொம்மிக்கோ மூச்சு இழுத்தது. சிறகைத் தூக்கக்கூடத் தெம்பில்லை.

"தின்னு தின்னு நோயை இழுத்துக்கிட்டா. பட்டினி போட்டாத்தான் பிழைப்பா," என்றாள் வெள்ளச்சி. அன்றோடு இரையும் நின்றது. இனி எழுந்திருக்க மாட்டோம் என்று பொம்மிக்குப் பயமாக இருந்தது.

பக்கத்துக் கிளையில் ஒரு குளவி மண் குழைத்துக்கொண்டிருந்தது. மண்ணைப் பிசைந்து குஞ்சுகளைச் செய்து முட்டைக்குள் வைக்கிற வேலை அப்போது அதனுடையது. அதற்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா வெள்ளச்சி, அவளுக்குப் பக்கத்துல கிடக்கிறது யாரு?"

"எங்க கடைசித் தங்கச்சி நாச்சி."

"ஈர்க்குச்சி உடம்பு. அவளுக்கும்தானே மூச்சு இழுக்குது? அவ எதைத் தின்னா?"

வெள்ளச்சி நாச்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க அம்மா மண்ணுல ஒரு சிட்டிகை, அப்பா மண்ணுல ஒரு சிட்டிகை. கையில வந்ததைப் போட்டுப் பிசைஞ்சேன்," என்றது குளவி. "பொம்மிக்கு வந்தது உடம்பைச் சேர்த்து வைக்கிற மண்ணு. அந்த உடம்புல இந்தக் காய்ச்சல் கொஞ்சம் கூடவே ஏறும். நாச்சிக்கு வந்தது வேற, காய்ச்சலுக்குக் கதவு திறந்து விடுற மண்ணு. இதுல அவங்க தப்பு என்ன இருக்கு?"

"எல்லாருக்கும் ஒரே நல்ல மண்ணாப் போட்டிருக்கலாமே அத்தை," என்றாள் வெள்ளச்சி.

"எல்லாக் காய்ச்சலுக்கும் நல்ல மண்ணுன்னு ஒண்ணு கிடையாது தாயி. ஒரே மண்ணாப் போட்டு, அதுக்கு ஆகாத காய்ச்சல் வந்திருந்தா, இங்க நின்னு என்கிட்ட கேக்க ஒருத்திகூட மிஞ்சியிருக்க மாட்டீங்க."

வெள்ளச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. பறந்து போய்க் கொழுத்த புழுவாக ஒன்று கொண்டுவந்து பொம்மியின் வாயில் வைத்தாள். பத்து நாள் ஐந்து பேரும் முறைபோட்டு ஊட்டினார்கள். முதலில் நாச்சி எழுந்தாள். பிறகு பொம்மியும் எழுந்து உட்கார்ந்தாள். எலும்பும் தோலுமாக இல்லை, பழைய பொம்மியாகவே.

"உங்களுக்கெல்லாம் நான் என்னக்கா செய்யப் போறேன்?" என்று பொம்மி அழுதாள். அத்தனை நன்றியை வைத்துக்கொள்ள அவளுக்கு இடம் போதவில்லை.

"நாளைக்கு வேற காய்ச்சல் வரும்டி. அதுல நான் விழுந்தா நீ நிப்ப. அப்ப எனக்கு ஊட்டு," என்றாள் வெள்ளச்சி.

அந்த நேரம் பார்த்து ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. "அந்தக் குண்டுக்குருவி பிழைச்சிருச்சாமே, எது அது?" என்று எட்டிப் பார்த்தது.

பொம்மி தலையைக் குனிந்தாள். வெள்ளச்சி தன் இறகுகளையெல்லாம் சிலிர்த்து உப்பிக்கொண்டு அவளை ஒட்டி உட்கார்ந்தாள். நாச்சி உப்பினாள். மற்றவர்களும் உப்பினார்கள். மைனா மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து, உடம்பை உப்பிக்கொண்டே திரிகின்றன. அவற்றில் எது பொம்மி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.