உள்ள இருந்து வரணும்

மழை பெய்தால் நனைந்து, வெயில் அடித்தால் காய்ந்து, மற்றபடி யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடந்தது சொக்கலாங்குளம். அந்த ஊரில் கொப்பையன், சடையன், மொக்கைச்சாமி, அழகுமலை என்று நான்கு அண்ணன் தம்பிகள். நால்வருக்கும் சேர்த்து ஒரே வயல், ஒரே அடுப்பு, ஒரே மூளை. அந்த மூளையும் மூத்தவன் கொப்பையனின் மனைவி ஒச்சம்மாளுடையது.

அந்த வருஷம் வாய்க்கால் தூர்ந்துபோய், நாற்றங்காலில் நாற்று மஞ்சள் பூத்து நின்றது. கண்மாய் மடையை இவர்கள் வயலுக்குத் திறந்துவிடும் முறை புதன்கிழமை. அதற்குள் வாய்க்காலை வெட்டாவிட்டால் வருஷம் முழுக்கச் சோளக்கஞ்சிதான்.

வெள்ளிக்கிழமை காலையில் நால்வரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். கொப்பையன் ஒரு வெட்டு வெட்டிவிட்டு நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான்.

"என்னய்யா?" என்றாள் ஒச்சம்மாள்.

"வெட்டியிருக்கேன்ல? ஒரு சபாஷ் சொல்லு."

சொன்னாள். தம்பிகளும் ஆளுக்கொன்று கேட்டார்கள். அதோடு வெட்டுக்கு ஒரு சபாஷ் என்று ஆகிவிட்டது. கொஞ்சம் தாமதித்தால் மண்வெட்டி அந்தரத்திலேயே நிற்கும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒச்சம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நால்வரும் மண்வெட்டியை ஓங்கியபடியே நின்றார்கள்.

"மதினி, சபாஷ் வரல. எறக்க முடியல. கை வலிக்குது," என்றான் சடையன்.

ஒச்சம்மாள் மிச்சமிருந்த குரலைத் திரட்டிச் சொன்னாள்: "வேலை செய்யிற ஊக்கம் வெளிய இருந்து வரக்கூடாதுய்யா. உள்ள இருந்து வரணும்!"

நால்வரும் மண்வெட்டியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு யோசித்தார்கள்.

"நியாயந்தான். நாம ரெண்டு நாளா வெளியவே இருந்துட்டோம்," என்றான் மொக்கைச்சாமி.

"உள்ள இருந்து, வரணும்," என்று பிரித்துச் சொன்னான் கொப்பையன். "மொதல்ல உள்ள இருக்கணும். பெறகு வரணும்."

"எம்புட்டு நேரம் இருக்கணும்?"

"கொஞ்சமா இருந்தா ஊக்கமும் கொஞ்சமாத்தான் வரும். நல்லாவே இருப்போம்."

வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்தார்கள். கதவைத் தட்டித் தட்டி ஒச்சம்மாளுக்குக் கை வீங்கிப்போயிற்று.

"உள்ள என்னய்யா செய்யிறீக?"

"இருக்கோம்."

"எப்ப வருவீக?"

"இருந்து முடிச்சதும்."

திங்கட்கிழமை காலையில் பசி தாங்காமல் வெளியே வந்தார்கள். ஒச்சம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு, "வீட்டுக்குள்ள இல்லய்யா! உங்களுக்குள்ள, உங்களுக்குள்ள!" என்றாள். அத்தோடு அவள் குரல் அறவே போயிற்று.

"நமக்குள்ளயா? இத முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சம்," என்றான் சடையன்.

நால்வரும் வயலில் கைகோத்து வட்டமாக நின்று, நடுவில் கண் வைத்துக் காத்திருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒரு வெள்ளாடு மொக்கைச்சாமியின் காலுக்கிடையில் நுழைந்து நடுவில் வந்து நின்றது.

"வந்துருச்சு!"

"இதுவா ஊக்கம்? தாடி இருக்கே," என்றான் அழகுமலை.

"பழைய ஊக்கமா இருக்கும்."

ஆடு கொப்பையனின் துண்டில் பாதியைத் தின்றுவிட்டு, வந்த வழியே போயிற்று. ஊக்கம் போய்விட்டதே என்று நால்வரும் சோர்ந்து உட்கார்ந்தார்கள். ஒச்சம்மாளுக்கு அழுகையாக வந்தது. அழவும் குரல் இல்லை. தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அழகுமலை மனசு கேட்காமல் மதினிக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனான். செம்பை வைக்க இடம் சமமாக இல்லை. சமன் செய்ய ஒரு வெட்டு வெட்டினான். அடியில் ஈரக் களிமண். மண்வெட்டி 'சொதக்' என்று இறங்கியது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் சொல்லாமலே இன்னொரு வெட்டு வெட்டினான். சொதக்.

"அண்ணே, இங்க வந்து கேளுங்க!"

கேட்டார்கள். தாங்களும் வெட்டிக் கேட்டார்கள். பிறகு கஞ்சிக்குக்கூட நிமிரவில்லை. யாரும் சபாஷ் கேட்கவும் இல்லை. ஒச்சம்மாள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள், கலைந்துவிடுமோ என்ற பயத்தில்.

சாயங்காலம் வாய்க்கால் வயலைத் தொட்டது. நால்வரும் நிற்கவில்லை. நாற்றங்காலை ஒட்டி, வயலைக் குறுக்கே பிளந்து, எதிர் வரப்பையும் உடைத்து, ஓடைக்கரை வரை வெட்டிக்கொண்டே போனார்கள். ஒச்சம்மாள் நிற்கச் சொல்லிக் கத்தினாள். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

புதன்கிழமை தண்ணீர் வந்தது. வாய்க்கால் வழியாக வயலுக்குள் நுழைந்து, எதிர் வரப்பு உடைப்பு வழியாக நேரே ஓடைக்குப் போயிற்று. ஒச்சம்மாள் ஓடிப்போய் மண்ணை அள்ளிப் போட்டாள். நிற்கவில்லை. கடைசியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உடைப்பில் தானே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் நின்றது. மண் கொண்டுவந்து அடைக்கச் சொல்லி நால்வருக்கும் கையைக் காட்டினாள்.

"மதினி என்ன சொல்றாக?"

"நம்மளக் காட்டுறாக. மண்ணக் காட்டுறாக. ஒடைப்பக் காட்டுறாக," என்றான் மொக்கைச்சாமி.

"புரிஞ்சுபோச்சு," என்றான் கொப்பையன். "நம்மளையும் ஆளுக்கொரு ஒடைப்பு வெட்டிக்கிட்டு உக்காரச் சொல்றா."

அதே வரப்பில் வரிசையாக நான்கு உடைப்பு வெட்டி, நால்வரும் உட்கார்ந்தார்கள். வயல் நிறைந்தது. நாற்று தலை நிமிர்ந்தது. ஐந்து பேரில் யார் எழுந்தாலும் அவ்வளவும் ஓடைக்குப் போய்விடும்.

பக்கத்து வயல்காரர் இருளப்பன் அந்த வழியே வந்தார்.

"என்ன கொப்பையா, குடும்பத்தோட உக்காந்திருக்கீக?"

"தண்ணி பாய்ச்சிக்கிட்டிருக்கோம், சித்தப்பா."

"எப்ப எந்திரிப்பீக?"

"அறுப்புக்கு."

இருளப்பன் வரப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருதரம் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மண்வெட்டி சும்மாத்தானே கெடக்கு? இங்க குடு. தம்பி அழகுமலை, சித்தப்பாவுக்கும் எடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காருப்பா."

அழகுமலை பெரியவர்களிடம் மரியாதை உள்ளவன். எழுந்து, தள்ளி உட்கார்ந்தான்.