எதிர்ச்சுவரில் மூன்று பெண்கள்

"அந்தப் படத்தைக் கழட்டுங்கம்மா. இல்லேன்னா நான் மூட்டை கட்டறேன்."

பஞ்சாட்சரம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கோபம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. மனம் அடங்க வேண்டுமென்று மூன்று வருடமாக அந்த மடத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். குரு மங்கையர்க்கரசி அவரைவிட இருபது வயது இளையவர். அதுவும் அவருக்கு உறுத்தல்தான்.

படம் தியான மண்டபத்தின் எதிர்ச்சுவரில் இருந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் கொடுத்தது. ஆற்றங்கரையில் மூன்று பெண்கள், பழங்காலக் கிரேக்கர்களைப் போல நீண்ட வெள்ளை உடையில். வெயிலும் தண்ணீரும் ஆட்களும் எல்லாமே தூரிகையால் ஒற்றி ஒற்றி வைத்த வண்ணங்கள்.

படம் என்ன செய்தது என்று குரு கேட்டார்.

கண்ணை மூடினால் மூன்று பேரும் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், திறந்தால் முறைக்கிறார்கள் என்றார் பஞ்சாட்சரம். இடப்பக்கம் நிற்பவள் வீட்டுக்கு வந்தவனை வா என்று சொல்லாத கர்வக்காரி. நடுவில் இருப்பவள் தூண்டிவிடுகிறவள்.

"மூணாவது ஆளு?"

"அவதான் மோசம். பெத்தவ சாகக் கிடந்தப்ப எங்கடா போயிருந்தேன்னு கேக்கறா. பதினோரு வருஷமா அதையே கேக்கறா. ஆபீஸ் வேலைன்னு சொன்னா நம்பணும்ல?"

மண்டபம் அதிர்ந்தது. கண் மூடியிருந்தவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

குரு ஒரு ஸ்டூலை இழுத்துப் படத்துக்கு அடியில் போட்டார்.

"ஏறுங்க. அவ வாயை எனக்குக் காட்டுங்க."

பஞ்சாட்சரம் விறுவிறுவென்று ஏறினார். இவ்வளவு கிட்டத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை.

மூன்றாமவளின் முகம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ரோஜா நிறத் தீற்றல். கண் இல்லை, மூக்கு இல்லை, வாயும் இல்லை. ஆத்திரத்தோடு மற்ற இருவரிடமும் தேடினார். நடுவில் இருப்பவளுக்கு ஒரு மஞ்சள் திட்டு. கர்வக்காரிக்கு வெறும் பச்சை நிழல்.

"வாயே இல்லம்மா."

"அப்ப கேக்கறது யாரு?"

பஞ்சாட்சரம் படத்தின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். பல்லைக் கடித்தார்.

"எங்கக்கா."

குரு ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமைம்மா," என்றார் பஞ்சாட்சரம். "ஆபீஸே கிடையாது."