ரூட்டுக்குத் திறக்காத திரை

“டீச்சர், ரூட்டுக்கே திறக்க மாட்டேங்குது. இது என்ன நியாயம்?”

ஞானசிகாமணி செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டார்.

பாக்கியசீலி டீச்சர் கணினி வகுப்பை முடித்துவிட்டு மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைவிட ரொம்ப இளையவள். ஆனாலும் லினக்ஸ் விஷயத்தில் அவருக்கு அவள்தான் குரு. மனைவி ரூபவதிக்கு வாய்ப்பேச்சு நின்றுபோன பிறகு, அவளுக்குப் பதிலாகப் பேசும் கணினியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்த வகுப்பில் வந்து உட்கார்ந்தவர் அவர்.

“ரூட்னா யாரு அண்ணாச்சி?”

“நீங்க சொல்லிக்குடுத்ததுதான். கம்ப்யூட்டர்ல எல்லா அதிகாரமும் உள்ள ஆளு. எதையும் போடலாம், எதையும் அழிக்கலாம்.”

“அந்தப் பாஸ்வேர்டு யார்ட்ட இருக்கு?”

“என்ட்டதான்.”

“அப்புறம் என்ன?”

“பேசுற புரோகிராமை ரூட்டாப் போய்த் திறந்தேன். திரையைத் திறக்க முடியலன்னு ஒத்த வரி. அவ்வளவுதான். என் வீட்டு நாயி என்னையப் பாத்துக் குரைச்ச மாதிரி இருந்துச்சு.”

“அந்த நேரம் திரை யார் பேர்ல திறந்திருந்துச்சு?”

“ரூபா பேர்ல. எப்பவும் அவ பேர்லதான்.”

“அப்ப அது அவங்க திரை.”

“கம்ப்யூட்டர் நான் வாங்கினது டீச்சர்.”

“நான் கம்ப்யூட்டரைச் சொல்லல.”

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

“உள்ள நுழையும்போதே அவங்களுக்கு ஒரு ரகசிய அடையாளம் கிடைச்சிரும். அதைக் காட்டுறவங்கதான் அந்தத் திரையில ஜன்னல் திறக்கலாம். ரூட்டுட்ட அது கிடையாது. அவங்களாக் கூப்பிட்டா ரூட்டும் வரலாம்.”

“அதை எடுத்தாச்சு,” என்றார் அவர், மெதுவாக.

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

“எடுத்தாச்சுன்னா?”

“இன்டர்நெட்ல ஒருத்தன் வழி போட்டிருந்தான். அவ அடையாளத்தை எடுத்து ரூட் கையில குடுத்தேன். திறந்துச்சு. பாதியில அப்படியே நின்னுபோச்சு. மூடிட்டேன். அதுக்குப் பிறகு அவளுக்கே திறக்க மாட்டேங்குது.”

“எப்பத்துல இருந்து?”

“நேத்து சாயங்காலம்.”

“நேத்துல இருந்து மதினிக்குப் பேச்சு இல்லையா?”

“விரலடியில இருக்கிற பொத்தானை அழுத்திக்கிட்டே கிடக்கா. தண்ணியான்னு கேட்டேன். ஃபேனான்னு கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டா. அதை ஆமான்னு எடுக்கவா, இல்லன்னு எடுக்கவா?”

டீச்சர் துணியை வாளியில் போட்டாள்.

அவருடைய ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது பின்னாலிருந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“புரோகிராம் நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுக்குள்ள ரூட்டுக்கு என்ன சோலி?”

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

ரூபவதி கட்டிலில் ஒரு பக்கமாகக் கிடந்தாள். அவள் உடம்பில் இன்னும் அசைவது கண்களும் வலது ஆள்காட்டி விரலும்தான். விரலுக்கு அடியில் ஒரு பொத்தான். எதிரே உள்ள திரையில் சொற்களும் எழுத்துகளும் கட்டம் கட்டமாக வரும். வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாக நகரும். வேண்டிய இடத்தில் அழுத்தினால், கணினி அதைக் குரலில் சொல்லும். அவளிடம் மிஞ்சியிருந்த பேச்சு அவ்வளவுதான்.

இப்போது திரையில் ஒன்றுமில்லை. விரல் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.

“மதினி, சீலி வந்திருக்கேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

டீச்சர் அவருடைய லேப்டாப்பை மடியில் வைத்து, அதன் வழியாக ரூபவதியின் கணினிக்குள் போனாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை அவர் பக்கம் திருப்பினாள்.

“வாசிங்க. இந்தக் கோப்பெல்லாம் யார் பேர்ல இருக்கு?”

“ரூட்.”

“முந்தி?”

“ரூபவதி.”

“ரூட்டா உள்ள போய் மூடினீங்கல்லா. மூடும்போது எல்லாத்தையும் தன் பேர்ல எழுதி வச்சுட்டு வந்திருக்கு. இனி அவங்க தொட்டா அது திறக்காது.”

“நான் அதுக்காகப் பண்ணல டீச்சர்.”

“எதுக்காகப் பண்ணீங்க?”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“இன்னைக்குச் சாயங்காலம் டாக்டர் வாராரு. தொண்டையில துளை போட்டு மூச்சுக்குழாய் வைக்கணும்கிறாரு. வைக்கலன்னா...” நிறுத்தினார். “அவ சம்மதம் இல்லாம வைக்க மாட்டாராம். போன வாரம் மக வந்திருந்தா. அவகிட்டச் சொல்லி இவ புதுசா ஒரு கட்டம் சேர்த்திருக்கா. ‘குழாய் வேண்டாம்’னு. அந்த ஒண்ணை மட்டும் எடுத்துரலாம்னுதான்.”

ரூபவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முதல்ல அவங்களுதை அவங்க பேருக்கு மாத்துங்க,” என்று டீச்சர் எழுந்து இடம் விட்டாள்.

கட்டளையை அவள் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். தப்பாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினார்.

திரையில் கட்டங்கள் வந்தன. வெளிச்சம் நகர்ந்தது. விரல் அழுத்தியது.

“முதுகு,” என்றது கணினி. ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

மறுபடியும், “முதுகு.”

இரண்டு பேருமாக அவளைத் திருப்பினார்கள். இடுப்புக்கு மேலே தோல் கன்றிச் சிவந்திருந்தது. ஓரிடத்தில் கிழிந்து, நைட்டித் துணி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் வெந்நீர் கொண்டுவந்தார். பஞ்சை நனைத்துத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். உதடுகள் ஜெபித்துக்கொண்டே இருந்தன. என்ன கேட்டாரோ, கர்த்தருக்குத் தெரியும். அவள் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

மருந்து போட்டு முடித்ததும் டீச்சரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

“ரூட்டால அந்தக் கட்டத்தை எடுக்கவே முடியாதா?”

“முடியுமே. அதுக்குத் திரையே வேண்டாம். சொல்லெல்லாம் ஒரு கோப்புலதான் இருக்கு. அதுல ஒரு வரியை எடுத்தாப் போதும். எவரும் தடுக்க மாட்டாங்க.”

டீச்சர் கட்டிலருகே வந்தாள். லேப்டாப்பில் ஒரு வரி தட்டினாள்.

“தட்டியாச்சு. என்டர் மட்டும் பாக்கி.”

“நீங்களே அழுத்திருங்களேன்.”

“பாஸ்வேர்டு உங்ககிட்டதான இருக்கு.”

கை கழுவ அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவர் உட்கார்ந்தார். விரலை என்டர் மேல் வைத்தார். வைத்தபடியே நிமிர்ந்தார். ரூபவதியின் கண்கள் அவர் விரலில் இருந்தன.

“நீ போயிட்டா நான் இந்த வீட்டுல என்னத்தச் செய்வேன், ரூபா?”

வெளிச்சம் நகர்ந்தது. அவள் அழுத்தவில்லை.

“அதை எடுத்துரவா?”

வெளிச்சம் சொற்களைத் தாண்டி எழுத்துகளுக்குப் போகும்வரை காத்திருந்தாள். அங்கே அழுத்தினாள். அடுத்த எழுத்துக்குக் காத்திருந்தாள். அழுத்தினாள். ஒன்றைத் தவறவிட்டாள். வெளிச்சம் முழுசாகச் சுற்றி வரவேண்டியிருந்தது. நெற்றியில் வேர்த்தது. அவர் துடைக்க எழவில்லை. அடுக்களையில் குழாய்ச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

கடைசியில் கணினி வாசித்தது.

“எடுங்க. எழுத்து இருக்குல்லா. கூட்டிச் சொல்லிக்கிடுதேன்.”

அவர் திரையில் இருந்த எழுத்துகளைப் பார்த்தார். ‘அ’விலிருந்து கடைசிவரை பார்த்தார்.

பிறகு என்டரிலிருந்து விரலை எடுத்து, டீச்சர் தட்டிவைத்த வரியைப் பின்னாலிருந்து அழித்துக்கொண்டே வந்தார். ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகும் விரல் அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது.

டாக்டர் பையோடு உள்ளே வந்தார். வருகிற எல்லோரையும் போலக் கட்டிலைத் தாண்டி அவரைத்தான் பார்த்தார்.

“என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?”

ஞானசிகாமணி எழுந்தார். தன் நாற்காலியை இழுத்து ரூபவதியின் திரைக்கு முன்னால் போட்டார்.

“உக்காருங்க டாக்டர். அவ சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமாகும்.”