பதினொரு பாட்டில் தண்ணீர்

வேலாத்தாளுக்கு ஒரே ஒரு சீடர்தான். அவளைவிட இருபது வயது மூத்தவர். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற ஞானப்பிரகாசம், இனி மண்ணைப் படிக்கலாம் என்று அவள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘சார்’ என்பாள்.

அன்று காலை அவர் ஒரு கேள்வியோடு வந்தார்.

“அம்மா, சென்னியப்பன் போர் தண்ணி நல்ல தண்ணி. உப்பு மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன். சொட்டுநீர் போட்டுப் பாதித் தண்ணி மிச்சமும் பண்றார். அப்படியும் போன பட்டத்துல வெங்காயத்தாள் நுனியெல்லாம் கருகிப்போச்சு. ஏன்?”

“அவருகிட்ட என்ன சொன்னீங்க?”

“தண்ணியில குறையில்ல, தைரியமா நடுங்கன்னேன். நாளைக்கு நடவு. இதுவும் போச்சுன்னா தோட்டத்தை விட்டுட்டு பனியன் கம்பெனிக்குப் போயிடுவாராம்.”

“அவரோடது மட்டுந்தான் அளந்தீங்களா?”

“ஊர்ல பதினொரு போர். ரெண்டுக்கு மேல போனா வெங்காயத்துக்கு ஆகாது. பதினொண்ணும் 0.8!” குரலில் சற்றுப் பெருமை. “ஒரு புள்ளி மாறலை. அவ்வளவு துல்லியமான மீட்டர்.”

வேலாத்தாள் எழுந்தாள்.

“அதை எடுத்துக்கங்க சார்.”

சென்னியப்பன் வாசலிலேயே வரவேற்றார். “வாங்க அம்மிணி. வாத்தியாரே, வாங்க.” சொம்பில் தண்ணீர் வந்தது. அவள் குடித்தாள்.

“தேனாட்டம் இருக்குதுங்ணா.”

சீடர் தலையசைத்தார். அவர் சொன்னதும் அதைத்தானே.

வேலாத்தாள் செருப்பைக் கழற்றினாள். நேராக மாடு கட்டும் கட்டுத்தரைக்குள் நடந்து, எருமைக்குப் பின்னால் கிடந்த சாணியில் கணுக்கால்வரை மிதித்தாள்.

“ஐயோ, பாத்து அம்மிணி!”

“கால் கழுவணுங்ணா.”

“இப்படி வாங்க” என்று அவர் ஓடிப்போய் போர் மோட்டாரைப் போட்டார். குழாயில் தண்ணீர் கொட்டியது. அவள் காலைக் கழுவிக்கொண்டே கையை நீட்டினாள்.

“சார், மீட்டர்.”

4.2 என்றது. ஞானப்பிரகாசம் அதை வாங்கி உதறிவிட்டு மறுபடி நனைத்தார். மறுபடியும் 4.2.

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

“வாத்தியார் அந்த வெயில்ல வந்து, கட்டில்ல உக்காந்து, பாட்டிலை நீட்டித் தண்ணி கேட்டாருங்க. இது மாடே மூஞ்சியைத் திருப்பிக்கற தண்ணி. இதையா கையில குடுக்கறது? பாட்டிலை மூணு தரம் அலசி, ஊர்க்குழாய்த் தண்ணிய ஊத்தினேன். அப்புறம் படிச்சவரே குறையில்லைன்னதும், பயிருக்கு இந்த உப்பு ஆகுமாட்டம் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“மத்த பத்துப் பேரும்?” என்றார் ஞானப்பிரகாசம்.

“எல்லாத்துக்கும் அந்த ஒரு குழாய்தானுங்களே.”

சுவரோரம் விதை வெங்காய மூட்டைகள் இருந்தன. சென்னியப்பன் அவற்றையே பார்த்தார்.

“அப்ப நாளைக்கு?”

“இதுல வெங்காயம் வேண்டாங்ணா. சொட்டு சொட்டா விட்டாலும் உப்பு உப்புத்தான். பருத்தி தாங்கும். விதையைக் காத்தாடப் பரப்பி வைங்க. குட்டையில மழைத்தண்ணி நின்னதும் அரை ஏக்கரா நட்டுக்கலாம்.”

“பனியன் கம்பெனி?”

“அது எங்கீங்ணா ஓடிப்போகுது?”

அவர் சிரித்துவிட்டார். மூட்டைகளை அவிழ்க்கப் போனார்.

திரும்பும் வழியில் சீடர் மீட்டரைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு சொன்னார்:

“பத்து வீட்டுக்கும் மறுபடி போகணும்.”

“ஆமாங்க சார்.”

“இந்தத் தடவை என்ன சொல்லிக் கேக்கறது அம்மா?”

வேலாத்தாள் அவருடைய சலவை வேட்டியையும், பாலிஷ் போட்ட செருப்பையும் பார்த்தாள்.

“ஒண்ணும் சொல்லாதீங்க சார். கட்டுத்தரை வழியாப் போங்க.”