தாளில் தங்கிய ஈயம்

பேட்டரி ஆலைக் கழிவால் ஏரி மீன்கள் செத்து மிதந்தன. விசாரிக்கக் கோட்டாட்சியரே கரைக்கு வந்தார். ஆலையின் நிபுணர் வரதராஜன் ஏரித் தண்ணீரைத் தாளில் வடிகட்டி, இறங்கிய நீரை மட்டும் அளந்தார்.

"ஈயம் ரொம்பச் சொற்பம். ஆலை மேல் தப்பே இல்லை."

பரிசல்காரர் செங்கோடன் கைகட்டிக் கேட்டார்: "தாள்ல கறுப்பா ஒட்டியிருக்குதுங்களே, சார்?"

"அது வெறும் வண்டல்யா. ஒண்ணும் செய்யாது."

"அப்படீன்னா வெத்தலையாட்டம் மடிச்சுக் கொஞ்ச நேரம் வாய்ல அடக்கிக்குங்க. எங்க கெளுத்தி மீனு அதைத்தானுங்களே மேயுது."

வரதராஜன் தாளைத் தொடாமல் இரண்டடி பின்வாங்கினார். கோட்டாட்சியர் தாளையும் அளக்கச் சொன்னார். ஈயம் அப்பிக் கிடந்தது. ஆலையின் கழிவு வாய்க்காலை அடைத்தார்கள்.

மறுநாளே செங்கோடன் வலை வீசினார். வலையில் ஒட்டி வந்தது அந்தக் கறுப்பு வண்டல் மட்டும்தான்.